இசைக்கூடத்தின் இரவுப் பொறுப்பு: கதவு திறந்த பிறகு நான் எங்கே நிற்க வேண்டும்?

இரவுப்பொறுப்பு எழுதியது:

வணக்கம். நேரலை இசை நடக்கும் ஒரு சிறிய கூடத்தில் இரவு மேலாளராகச் சேர்ந்திருக்கிறேன். நின்று பார்க்கும் கூடம், 300 பேர் கொள்ளும். பெரும்பாலான இரவுகளில் மூன்று குழுக்கள் வாசிக்கின்றன. ஒலிக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர், மேடையில் கைகொடுக்க ஒருவர், வாசலில் மூன்று பேர், பானக் கவுண்டரில் மூன்று பேர். எல்லோரும் வேலை தெரிந்தவர்கள். குறை சொல்ல எனக்கு யாரும் இல்லை.

ஆனாலும் கதவு திறக்கும் நேரம் வரும்போது சவுண்ட் செக் (நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது) இன்னும் முடிந்திருக்காது. வெளியே வரிசை நீளும். அதே நேரத்தில் வாசலில் இருந்து ஒரு அழைப்பு, கவுண்டரில் சில்லறை இல்லை என்று இன்னொன்று, விருந்தினர் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று ஒருவர் சண்டை. ஓடி ஓடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் இரண்டாவது குழு மேடையில் இருக்கும். முதல் குழு எப்போது முடித்தது என்றே தெரியாது.

தாமதம் எங்கிருந்து தொடங்குகிறது, கதவு திறந்த பிறகு மேலாளர் எங்கே நிற்க வேண்டும், ஏதாவது நடந்தால் இசையை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மேடைக்குப்பின் எழுதியது:

தாமதம் அன்று மாலை தொடங்குவதில்லை, முந்தைய வாரமே தொடங்கிவிடுகிறது. குழு வந்து இறங்கிய பிறகுதான் "எங்களுக்கு ஐந்து மைக் வேண்டும், கீபோர்டு இரண்டு, லேப்டாப்பில் இருந்து ட்ராக் ஓடும்" என்று சொல்கிறார்கள் என்றால் அந்த இரவு அப்போதே பின்தங்கிவிட்டது. ஒவ்வொரு குழுவிடமும் முன்கூட்டியே மேடை வரைபடமும், மிக்சரில் இணைக்க வேண்டிய மைக், கருவிகளின் பட்டியலான இன்புட் லிஸ்டும் கேட்டு வாங்குங்கள். அனுப்பாதவர்களைத் தொலைபேசியில் பிடியுங்கள். பெரிய வண்டியில் வருகிறார்களா, சொந்தமாக இன்-இயர் மானிட்டர் (தங்கள் ஒலியைக் கேட்கக் காதில் மாட்டுவது) வைத்திருக்கிறார்களா, டிரம்ஸ் யாருடையது, இதெல்லாம் பத்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும்.

அட்டவணையைப் பின்பக்கத்திலிருந்து போடுங்கள். இசை 11:00 மணிக்கு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் குழுவுக்கு 75 நிமிடம், ரசிகர்கள் மறுபடி கேட்கும் பாட்டும் அதற்குள்தான். அப்படியானால் 9:45க்கு மேடை ஏற வேண்டும். அதற்கு முன் மேடை மாற்ற 25 நிமிடம். இரண்டாவது குழு 8:40 முதல் 9:20 வரை. மறுபடி மாற்ற 20. முதல் குழு 7:50 முதல் 8:20 வரை. கதவு 7:00. சவுண்ட் செக் 6:30க்குள் முடியாவிட்டால் கதவு தள்ளும். மூன்று குழுவுக்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் என்றால் 4:00க்குத் தொடங்கியே ஆக வேண்டும். வண்டி 2:30க்கு வாசலில் நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் கூடத்தில் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது?

---

இரவுப்பொறுப்பு எழுதியது:

நான்கு மணிக்கு. சவுண்ட் செக்கும் நான்கு மணிக்கு என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது புரிகிறது.

---

மிக்சர்காரர் எழுதியது:

மேலே சொன்னது சரிதான், ஆனால் வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சவுண்ட் செக் தலைகீழாக நடக்க வேண்டும். கடைசியில் வாசிக்கும் குழு முதலில், முதலில் வாசிக்கும் குழு கடைசியில். அப்போதுதான் முதல் குழுவின் கருவிகள் மேடையிலேயே இருக்கும், கதவு திறந்ததும் ஒன்றையும் நகர்த்த வேண்டியதில்லை. டிஜிட்டல் மிக்சர் என்றால் ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் தனித்தனியாகச் சேமித்துவிடலாம். அதன் ஒரு பிரதியை யுஎஸ்பியில் வைத்துக்கொள்ளுங்கள். அனலாக் மிக்சர் என்றால் செல்போனில் படம் எடுங்கள், அதுவும் போதும்.

இன்னொன்று. சவுண்ட் செக்கில் நேரத்தைத் தின்பது ஒலி இல்லை, ஒத்திகை. குழு ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிட்டு "இன்னொரு முறை" என்கிறது. கூடம் காலியாக இருக்கும்போது உயர் அலைவரிசை சுவரில் மோதித் திரும்பும். ஆட்கள் நிரம்பியதும் உடலும் உடையும் அதை உறிஞ்சிவிடும். காலிக் கூடத்தில் துல்லியமாகச் செதுக்கிய ஒலி எப்படியும் முதல் பாட்டில் மாறத்தான் போகிறது. ஆகவே ஒவ்வொரு கருவியும் வருகிறதா, மேடையில் இருப்பவர்களுக்கு அவரவர் மானிட்டரில் (அவர்களை நோக்கி வைத்த ஸ்பீக்கரில்) வேண்டியது கேட்கிறதா, அதிகச் சத்தமான பாட்டில் ஒரு பகுதி, அமைதியான பாட்டில் ஒரு பகுதி, முடிந்தது. மீதியை முதல் பாட்டு ஓடும்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு விண்ணப்பம்: அந்த முதல் பாட்டின்போது மேலாளர் வந்து என் தோளைத் தட்டக் கூடாது.

---

டிரம்காரி எழுதியது:

மேற்கோள்: "முதலில் வாசிக்கும் குழு கடைசியில்"

எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? பெரிய குழு தன் நேரத்தைத் தாண்டும், இரண்டாவது குழு கொஞ்சம் தாண்டும், கதவு திறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்களைக் கூப்பிட்டு "லைன் செக் மட்டும் பண்ணிக்கலாம்" என்பார்கள். லைன் செக் என்றால் மைக்கில் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். மானிட்டரில் பாட்டு கேட்காமல் அரை மணி நேரம் டிரம்ஸ் வாசித்துப் பாருங்கள், தெரியும். முதல் குழு எப்போதுமே புதிய குழு, அனுபவம் குறைவு, உதவி அதிகம் தேவை. அதனிடமிருந்துதான் எல்லோரும் நேரத்தைத் திருடுகிறார்கள்.

பெரிய குழுவின் நேரம் முடிந்ததும் யாராவது மேடை அருகே வந்து நின்று "நேரம் முடிந்தது" என்று சொல்ல வேண்டும். மிக்சர்காரர் அதைச் சொல்ல மாட்டார். இரவு முழுக்க அவர்களோடு வேலை செய்ய வேண்டியவர் அவர். மேலாளர் சொல்லட்டும்.

---

மேடைக்குப்பின் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அதோடு டிரம்ஸைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குழுவும் ஒரே செட்டில் வாசிக்கட்டும். ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் அவரவர் கொண்டு வரட்டும். மேடை மாற்றும் நேரம் பாதியாகிவிடும். பேஸ் கிட்டாருக்கான ஆம்பும் (ஒலிபெருக்கிப் பெட்டி) அப்படியே. இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். அன்று மாலை கேட்டால் யாரும் தன் டிரம்ஸைக் கொடுக்க மாட்டார்.

வாசித்து முடித்த குழுவின் முதல் வேலை பெட்டிகளை மேடையை விட்டு இறக்குவது. மேடையிலேயே உட்கார்ந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தால் அடுத்த குழு எப்படி ஏறும்? சுருட்டுவதெல்லாம் மேடைக்கு வெளியே.

---

கதவுப்பக்கம் எழுதியது:

நான் வாசல் ஆள், வாசலில் இருந்து பேசுகிறேன். மேடை அட்டவணை தள்ளிப்போனால் குழுவுக்கு எரிச்சல், அவ்வளவுதான். எங்களுக்கு அது கூட்ட நெரிசல்.

1979 டிசம்பர் 3. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூ குழுவின் நிகழ்ச்சி. இருக்கை எண் இல்லாத டிக்கெட்டுகள், முதலில் நுழைபவருக்கு முன்வரிசை. ஆயிரக்கணக்கானோர் வெளியே காத்திருந்தார்கள். உள்ளே இருந்து இசை கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கூட்டம் முன்னால் தள்ளியது. திறந்திருந்த கதவுகளோ மிகச் சில. 11 பேர் இறந்தார்கள். 300 பேர் கூடத்தில் அந்த அளவுக்கு நடக்காது என்பீர்கள். சரி, ஆனால் ஒரு படிக்கட்டும் ஒரு குறுகிய கதவும் இருந்தால் 60 பேர் தள்ளினாலே யாராவது விழுவார்கள். தாமதம் என்றால் வரிசையில் நிற்பவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். "சவுண்ட் செக் நடக்கிறது, 7:20க்குத் திறப்போம், நீங்கள் எதையும் தவறவிடவில்லை." இந்த ஒரு வாக்கியம் போதும், கூட்டத்தின் முகமே மாறும். மேலாளரே வந்து சொன்னால் இன்னும் நல்லது.

எண்ணிக்கை. உள்ளே போனவர்களை மட்டும் கிளிக்கரில் (அழுத்தி எண்ணும் கைக்கருவி) எண்ணுகிற இடங்கள் நிறைய. வெளியே போகிறவர்களை எண்ணுவதில்லை. பத்து மணிக்குக் கருவி 320 காட்டும், உள்ளே 270 பேர் இருப்பார்கள். அப்புறம் அந்த எண்ணை யாரும் நம்புவதில்லை, நம்பாத எண்ணை யாரும் பார்ப்பதும் இல்லை. இரண்டு கிளிக்கர் வையுங்கள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணில் ஊழியர்களும் கலைஞர்களும் சேர்வார்களா என்பதை உங்கள் உரிமப் பத்திரத்தில் பாருங்கள். மூன்று குழு என்றாலே 15 பேருக்கு மேல் ஆகிவிடும்.

வெளியேறும் வழிகள். கதவு திறப்பதற்குச் சற்று முன் மேலாளர் தானே ஒவ்வொரு அவசரக் கதவையும் கையால் தள்ளித் திறந்து பார்க்க வேண்டும். "பார்த்தாயா?" என்று கேட்டால் "பார்த்தேன்" என்றுதான் பதில் வரும். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு வண்டி நிற்கும், உட்பக்கம் காலி ஆம்ப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மேடை மாற்றும்போது பெட்டிகள் போய்ச் சேரும் இடம் எப்போதும் அதுதான், ஏனென்றால் அங்கேதான் காலி இடம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி பாருங்கள்.

---

கணக்குப்புத்தகம் எழுதியது:

விருந்தினர் பட்டியல் பற்றி: பட்டியலை மூடும் நேரம் ஒன்றைக் குழுக்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் பெயர்களை வாசலில் இருப்பவர் முடிவு செய்யக் கூடாது, மேலாளரும் முடிவு செய்யக் கூடாது, குழுவின் ஒரே ஒரு பிரதிநிதி செய்யட்டும். சண்டை அவர்களுக்குள் போய்விடும்.

சில்லறைக்கு ஒரு வழிதான். மாலையிலேயே எண்ணி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இடையில் பணம் எடுக்கும்போது இரண்டு பேர் போகட்டும், கூட்டத்தின் கண்ணில் படாமல்.

---

இரவுப்பொறுப்பு எழுதியது:

எல்லாம் குறித்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய கேள்வி அப்படியே இருக்கிறது. நேரம் முடிந்தது என்று மேலாளர் சொல்லட்டும், வரிசையிடம் மேலாளர் பேசட்டும், கதவை மேலாளர் தள்ளிப் பார்க்கட்டும் என்கிறீர்கள். கவுண்டரில் ஒருவர் வராவிட்டால் அங்கே நிற்பதும் நான்தான். ஒரே ஆள் எப்படி?

---

மேடைக்குப்பின் எழுதியது:

கவுண்டரில் நிற்காதீர்கள். அதுதான் பதில். இரவு மேலாளரின் கையில் வேலை இருக்கக் கூடாது. கிளாஸ் கழுவுகிற கை, டிக்கெட் கிழிக்கிற கை, கேபிள் தூக்குகிற கை, எதுவாக இருந்தாலும் அந்தக் கை அந்த வேலைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. கண்ணும் கூடவே போய்விடும். கவுண்டரில் ஒருவர் குறைந்தால் வரிசை மெதுவாக நகரும், அவ்வளவுதான். மேலாளர் குறைந்தால் எது நின்றுபோனது என்று கவனிக்கவே ஆள் இல்லை.

---

கணக்குப்புத்தகம் எழுதியது:

இது பெரிய கூடத்தில் வேலை செய்தவர் பேச்சு. பத்துப் பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் கைகட்டி நின்றால் மற்ற ஒன்பது பேர் என்ன நினைப்பார்கள்? சம்பளப் பட்டியல் போடுபவளாகச் சொல்கிறேன், இன்னொரு ஆளை வைக்கும் வசதி பல கூடங்களுக்கு இல்லை. உதவி செய்யாத மேலாளரிடம் யாரும் உண்மையைச் சொல்லவும் மாட்டார்கள்.

---

மேடைக்குப்பின் எழுதியது:

சரி, நடுவில் ஒரு வழி இருக்கிறது. இரவு முழுக்கக் கை காலியாக இருக்க வேண்டாம். ஆனால் மூன்று நேரங்களில் கட்டாயம் காலியாக இருக்க வேண்டும்.

கதவு திறந்ததில் இருந்து முதல் குழுவின் முதல் சில பாட்டுகள் வரை. ஒவ்வொரு மேடை மாற்றமும். கடைசிக் குழுவின் இறுதி 20 நிமிடத்திலிருந்து கூடம் காலியாகும் வரை. கூட்டம் நகரும் நேரங்கள் இவை, தவறுகள் பெரும்பாலும் இவற்றில்தான் நடக்கும். குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது கூட்டம் ஒரே இடத்தில் நிற்கும். அப்போது கவுண்டருக்கு உதவுங்கள், கிளாஸ் பொறுக்குங்கள், யாருக்காவது இடைவேளை கொடுங்கள்.

எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். முதல் நேரத்தில் வாசலின் உட்பக்கம், கூடமும் வரிசையும் இரண்டும் கண்ணில் படும் இடத்தில். மாற்றத்தின்போது மேடை ஓரம், கடிகாரத்தோடு. கடைசியில் மிக்சருக்குப் பக்கத்தில். அவரை மறித்து நிற்காமல், ஆனால் கைநீட்டினால் எட்டும் தூரத்தில்.

---

மிக்சர்காரர் எழுதியது:

இதற்கு என் ஓட்டு. தோளைத் தட்டாமல் இருந்தால்.

---

கதவுப்பக்கம் எழுதியது:

நிறுத்தும் உரிமை பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் வழக்கம்: நிறுத்தச் சொல்ல மேலாளருக்கு, மிக்சரில் இருப்பவருக்கு, மேடை முன்னால் நிற்கும் பாதுகாப்பு ஆளுக்கு, மூவருக்கும் உரிமை உண்டு. யாரும் இன்னொருவரைக் கேட்க வேண்டியதில்லை. மறுபடி தொடங்கச் சொல்லும் உரிமை மட்டும் ஒருவருக்கு, மேலாளருக்கு. நிறுத்துவது எளிதாகவும் தொடங்குவது கடினமாகவும் இருக்க வேண்டும். இதை மாலையில் குழுக்களிடமும் சொல்லிவிட வேண்டும். பாடகருக்கு முன்பே தெரிந்திருந்தால் அவரே நிறுத்திவிட்டு "கொஞ்சம் பின்னால் போங்கள்" என்பார். அவர் சொன்னால் கூட்டம் கேட்கும், நான் சொன்னால் கேட்காது.

நடக்கும் வரிசை: ஹவுஸ் லைட் (கூடத்தின் பொது விளக்குகள்) முழுதாக, பிறகு இசை நிற்க, பிறகு அறிவிப்பு. அறிவிப்புக்கென்று ஒரு மைக் மிக்சர் மேசையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், வேறெதற்கும் பயன்படுத்தாமல். என்ன சொல்வது என்பதை அதன் அருகே அட்டையில் எழுதி ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் வாக்கியம் வராது.

ஓட வேண்டிய நிலை வந்தால் மக்கள் தாங்கள் நுழைந்த கதவைத்தான் தேடுவார்கள். 2003 பிப்ரவரி 20 அன்று ரோட் தீவு மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இசை விடுதியில் மேடைப் பட்டாசுப் பொறி சுவரில் ஒலித்தடைக்காக ஒட்டியிருந்த நுரையில் பற்றியது. வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் முன்கதவுக்கே ஓடி அங்கே ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். 100 பேர் இறந்தார்கள். ஆகவே உங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு சொந்தம். விளக்கு ஏறியதும் அவர் அந்தக் கதவைத் திறந்து, அங்கே நின்று, கைகாட்டி அழைக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கும் ஒரு கதவு உண்டு.

---

விளக்குப்பலகை எழுதியது:

தீ என்றதும் நினைவுக்கு வந்தது. புகைமூட்ட இயந்திரம் வைத்திருக்கிறீர்களா? ஒளியால் உணரும் புகை உணரிகள் அந்த மூட்டத்தையும் புகை என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பல கூடங்களில் மாலையில் அந்தப் பகுதி உணரிகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். அப்படிச் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தால், நிறுத்திய நேரம், நிறுத்தியவர், மறுபடி இயக்கிய நேரம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும், நிறுத்தியிருக்கும் நேரமெல்லாம் ஒருவர் தீயைக் கவனித்துச் சுற்றி வர வேண்டும். மறுபடி இயக்க மறந்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனால் அந்தக் கட்டடம் இரவெல்லாம் குருடு.

தீ மணி அடித்தால் ஸ்பீக்கர்கள் தாமாகவே மௌனமாகும் இணைப்பு உங்கள் கூடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் 100 டெசிபலில் இசை ஓடும்போது மணி யாருக்கும் கேட்காது.

மின்சாரம்: விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி சர்க்கியூட். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஏறி இறங்கும்போது ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். அந்த இரைச்சலைப் போக்க யாராவது பிளக்கின் எர்த் பின்னைத் துண்டிக்கப் பார்த்தால் அந்த நிமிடமே தடுங்கள். பாடகர் ஒரு கையில் கிட்டாரும் உதட்டில் மைக்குமாக நிற்கிறார், மின்சாரம் அவர் வழியாகப் போகும். டிஐ பாக்ஸில் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் வேறு, அது ஒலிக் கேபிளின் இணைப்பை மட்டும் பிரிக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

---

பக்கத்துத்தெரு எழுதியது:

நான் இந்தத் தொழில் இல்லை. ஒரு இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவன். நீங்கள் யாருமே எங்களைப் பற்றிப் பேசவில்லை.

பாட்டு கேட்பது தொந்தரவில்லை. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி மட்டும் சுவர் வழியாக வருகிறது, பாட்டே இல்லாமல் இடி மட்டும். அதைவிட மோசம் எல்லாம் முடிந்த பிறகு நடப்பது. வண்டிக் கதவை அறைவது, நடுத்தெருவில் நின்று சிரிப்பது, நள்ளிரவில் காலிப் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டுவது. புகார் கொடுப்பவர்கள் எல்லாம் இசைக்கு எதிரிகள் இல்லை.

---

மிக்சர்காரர் எழுதியது:

பக்கத்துத்தெரு சொல்வது நியாயம். நம்மில் பலர் மீட்டரை டெசிபல் ஏ-யில் மட்டும் வைக்கிறோம். அந்த அளவீடு காது கேட்கும் விதத்தை ஒட்டித் தாழ்ந்த அலைவரிசையைக் குறைத்துக் காட்டும். திரையில் எண் நல்லபடியாக இருக்கும், பக்கத்து வீட்டுச் சன்னல் அதிரும். சி அளவீட்டையும் கூடவே பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பேஸ் அதிகம். சவுண்ட் செக்கின்போது ஒருமுறை தெருவுக்குப் போய் நின்று கேளுங்கள். இசை ஓடும்போது பின்கதவைத் திறந்து வைத்து யாரும் காற்று வாங்கக் கூடாது. பாதிப் புகார் அந்தக் கதவால் வருகிறது.

உள்ளே எவ்வளவு சத்தம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபல் ஏ-யைத் தாண்டக் கூடாது. ரசிகர்களுக்குக் காதடைப்பான் கொடுப்பது, சற்று அமைதியான ஒரு இடம் ஒதுக்குவது, இவையும் அதில் உண்டு.

ரசிகர் ஒரு இரவு வந்து போவார். உங்கள் கவுண்டர் ஊழியர் தினமும் நிற்கிறார். அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைப்பது 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம், 97 என்றால் அரை மணி, 100 என்றால் 15 நிமிடம். கவுண்டர் மேல் 97 இருந்தால் முதல் குழு முடிவதற்குள்ளேயே அவருடைய அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது. காதடைப்பானைப் பெட்டியில் வைத்துவிட்டு "வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். வேலையின் பகுதியாக ஆக்குங்கள், நீங்கள் முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

---

டிரம்காரி எழுதியது:

சிறிய கூடத்தில் சத்தத்தைத் தீர்மானிப்பது மிக்சர் இல்லை, நாங்கள்தான். டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் மேடையிலேயே கத்தினால் அவர் பாடகரின் குரலை அதற்கு மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். கிட்டார்காரரிடம் ஆம்பைக் காலுக்கு நேராக வைக்காமல் காதை நோக்கிச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அவரே குறைத்துக்கொள்வார்.

---

மிக்சர்காரர் எழுதியது:

இதை ஒரு டிரம் வாசிப்பவர் சொல்லிக் கேட்க இத்தனை காலம் ஆனது!

---

கணக்குப்புத்தகம் எழுதியது:

இரவு முடிவதைப் பற்றியும் கொஞ்சம். குழுவோடு கணக்குத் தீர்ப்பதை எல்லோரும் போன பிறகு என்று தள்ளாதீர்கள். அப்போது அவர்கள் களைப்பில் இருப்பார்கள், நீங்களும். கடைசிக் குழு மேடையில் இருக்கும்போதே டிக்கெட் விற்பனை நின்றுவிடும். குழுவின் பிரதிநிதியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். விற்ற டிக்கெட், ஸ்கேன் ஆனது, கிளிக்கர் எண், விருந்தினர் எண்ணிக்கை, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று அப்போதே பேசுங்கள். உறுதிப் பணம் அல்லது விற்பனையில் பங்கு, எது அதிகமோ அது என்ற ஒப்பந்தம் என்றால் இரண்டு கணக்கையும் அவர் கண் முன்னாலேயே போடுங்கள். கழிக்கும் செலவுகள் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டவை மட்டும். அன்று இரவு புதிதாக ஒரு செலவைச் சேர்த்தால் அந்தக் குழு திரும்பி வராது. கையெழுத்து இரண்டு, பிரதி இரண்டு.

குழுவின் டி-ஷர்ட், இசைத்தட்டு விற்பனையில் கூடத்துக்குப் பங்கு உண்டென்றால் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ண வேண்டும். பங்கே வேண்டாம் என்று விட்டுவிடும் கூடங்கள் இருக்கின்றன. சிறிய குழுக்களுக்குப் பல இரவுகளில் மிஞ்சுவது அந்தப் பணம்தான். என் கருத்தும் அதுவே.

---

மேடைக்குப்பின் எழுதியது:

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஹவுஸ் லைட்டை மெதுவாக ஏற்றுங்கள், ஒரேயடியாக அல்ல. மெல்லிய இசை ஒன்று ஓடட்டும். மக்கள் தாமாகவே நகர்வார்கள். கழிவறைகளை ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பது போதாது. பாட்டில்கள் காலையில். வண்டிகள் ஒவ்வொன்றாக.

அப்புறம் அன்றிரவே ஒரு குறிப்பு எழுதுங்கள். அட்டவணை நேரம், உண்மையில் நடந்த நேரம், இரண்டு பத்தி. உடைந்தது, பழுதானது, காயம், புகார், வெளியே அனுப்பப்பட்டவர். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் தாமதத்துக்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறிவிடும்.

---

இரவுப்பொறுப்பு எழுதியது:

இன்று உரிமையாளரிடம் பேசினேன். வண்டி 2:30க்கு வர வேண்டும் என்று குழுக்களுக்கு இனி எழுதி அனுப்புவோம். ஒலிக்காரரும் ஒரு மணி நேரம் முன்னதாக வர ஒப்புக்கொண்டார், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டென்றால். அது நியாயம் என்று உரிமையாளரே சொல்லிவிட்டார். நிறுத்தும் உரிமை மூவருக்கு, தொடங்கும் உரிமை எனக்கு என்பதை எழுதி மிக்சர் மேசையில் ஒட்டிவிட்டேன். ஆளுக்கொரு கதவும் பிரித்துவிட்டோம்.

கவுண்டர் பற்றி மட்டும் முடிவாகவில்லை. மேடை மாற்றத்தின்போதுதான் அங்கே கூட்டம் அதிகம், அப்போதுதான் நான் மேடை ஓரத்தில் நிற்க வேண்டும் என்கிறீர்கள். உரிமையாளர் முகம் சுளித்தார்.

விளக்குப்பலகை அவர்களே, ஒரு கேள்வி. எங்களிடம் புகைமூட்ட இயந்திரம் இருக்கிறது. உணரிகளை நிறுத்த அனுமதியும் இருக்கிறது. நிறுத்தும் சாவி இதுவரை விளக்குக்காரரிடம்தான். அவர் வராத நாட்களில் என்ன செய்வது?

---

விளக்குப்பலகை எழுதியது:

அவர் வராத நாளில் மூட்டமே வேண்டாம். வரும் நாளிலும் சாவி உங்களிடம் இருக்கட்டும், அவர் உங்களிடம் கேட்டு வாங்கட்டும். இரவு நீங்கள் கூடத்தைப் பூட்டுவது அந்தச் சாவி உங்கள் கைக்குத் திரும்பி, தீ எச்சரிக்கைப் பலகையில் எல்லாம் இயல்பு என்று நீங்களே பார்த்த பிறகுதான்.

---

கணக்குப்புத்தகம் எழுதியது:

கவுண்டருக்கு: மேடை மாற்றும் 25 நிமிடத்துக்கு மட்டும் வாசலில் இருந்து ஒருவரை அனுப்பிப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வாசலில் மூன்று பேருக்கு வேலை இருக்காது.

---

கதவுப்பக்கம் எழுதியது:

இருக்கும். வெளியே போகிறவர்களை எண்ணுவது யார்? கிளாஸ் எடுக்க வேண்டுமானால் ஒருவரை அனுப்புகிறேன், பணம் வாங்க அல்ல. கிளிக்கரோடு ஒருவர் வாசலை விட்டு நகர மாட்டார்.